நாலாவது கேள்வி

கம்பி நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்தவரை அதில் ஒரு முனகல் இருந்திருக்கிறது, நின்ற பிறகுதான் காதுக்கு உறைக்கிறது. கேபிள் கார்ப் பெட்டிகள் இருந்த இடத்திலேயே காலியாக ஆடுகின்றன, நாலைந்து பெட்டிக்கு அப்பால் ஒன்றும் இல்லை, மலை எது வானம் எது என்று சொல்ல முடியாத வெள்ளை, அதற்குள் எங்கேயோ என் புருஷன். காற்று பலமாம், ஆட்களை மேலேயே இறக்கிவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், வாரத்துக்கு இரண்டு நாள் இப்படித்தானாம். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பிலால் இந்தியில் சொன்னான், ஜெயசீலன் சார் எனக்குத் தமிழில் சொன்னார். "ஒண்ணும் இல்ல மேடம், நம்ம ஊர்ல கரண்ட் போயிட்டு வர்ற மாதிரி. காவா குடிங்க, ஆறிடப் போகுது." குங்குமப்பூ போட்ட டீ அது, கையில் பிடித்திருக்கிறேன், சூடு கையுறையைத் தாண்டி வரவில்லை. டீக்கடைச் சுவரில் கடிகாரம். பத்து ஐம்பதுக்கு ஏறினார். பதினொன்று இருபதுக்குக் கம்பி நின்றது. இப்போது பதினொன்று முப்பத்தைந்து. பதினைந்து நிமிஷம்தானே என்று மனசு சொல்கிறது, அதே மனசு பதினைந்து நிமிஷமா என்றும் கேட்கிறது. எனக்குப் பின்னால் பேனர் படபடவென்று அடித்துக்கொள்கிறது. திண்டுக்கல் கிளையின் முதலிடம், திருமதி வேதநாயகி பூபாலன், வாழ்த்துகள் என்று என் படத்தையும் அவர் படத்தையும் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். தம்பதி சமேதராகக் காஷ்மீரில் ஐந்து நாள், பனிச்சறுக்கு, கண்ணாடிச் சுவர் வைத்த அறை, தரையிலேயே சூடு வருகிற குளியலறை. பதினேழு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி இன்சூரன்ஸ் பிடித்ததற்குக் கம்பெனி கொடுத்த பரிசு. டெவலப்மென்ட் ஆபீசர் ஜெயசீலன் சாருக்கு என்னால்தான் பெருமை, அதனால் அவரும் வந்திருக்கிறார். எல்லாரும் வந்திருக்கிறோம், இவர் மட்டும் மேலே.

பாரத்தை எழுதியது நான்தான். அதை நினைக்கக் கூடாது என்று பார்க்கிறேன், அது முன்னால் வந்து நிற்கிறது. மேலே போகிறவர்கள் உடல்நிலை பற்றி ஒரு தாள் நிரப்ப வேண்டும், எட்டுக் கேள்வி. இதய நோய் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, வலிப்பு உண்டா, அப்புறம் இன்னும் நாலு. பாரத்தைப் பார்த்தாலே என் கை என்னிடம் கேட்காது. பதினேழு வருஷமாக எத்தனை பேருக்கு எழுதியிருக்கும் இந்தக் கை. சர்க்கரை மாத்திரைப் புட்டியை ஒளித்து வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள், ஆபரேஷன் தழும்பைச் சேலையால் மூடிக்கொள்வார்கள், "அதெல்லாம் எதுக்கும்மா எழுதிக்கிட்டு" என்பார்கள், நானும் எழுத மாட்டேன், இல்லை இல்லை இல்லை என்று மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் போய்விடுவேன். ஆமாம் என்று ஒன்று எழுதினால் மெடிக்கல், ரிப்போர்ட், பத்து நாள் இழுவை, அதற்குள் ஆள் மனசு மாறிவிடுவான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு இன்ட்டு போட்டு நீட்டினால் வேலை முடிந்தது. இன்றைக்கும் அப்படித்தான். காலையில் டிபனுக்குப் போகிற அவசரம், போனில் நத்தத்திலிருந்து ஒரு பார்ட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு எட்டு இல்லை எழுதினேன். இன்ட்டு போட்டேன். பென்சில் கூட என் ஹேண்ட்பேக்கில் இருந்தது, காஷ்மீருக்கு யாராவது பென்சில் எடுத்து வருவார்களா? நாலாவது கேள்வி எதைப் பற்றி என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆமாம் என்று எழுதியிருப்பேனா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல நான் தயாராக இல்லை. அவர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பேனாவக் குடு" என்றார். கொடுத்தேன். நானே கவுண்டரில் கொடுத்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போனார், நான் நத்தத்துக்காரரிடம் போனஸ் எப்போது சேரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை வந்தது போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாசம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தார், பாதி முகத்தில் நுரை. பாத்ரூமிலிருந்து வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடினால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே செருகிவிட்டது, வாயில் இருப்பது சோப்பு நுரையா அதுவா என்று தெரியவில்லை. இரும்பு பீரோ சாவியைக் கொண்டு வந்து கைக்குள் திணித்தேன், விரலை விரிக்க முடியவில்லை, நகம் கீறி எனக்கு ரத்தம். மதுரையில் டாக்டர் சிரித்தார். சாவியால் ஒன்றும் ஆகாதும்மா, ஒருக்களித்துப் படுக்க வை, சுற்றி இருப்பதை நகர்த்து, நேரம் பார், அவ்வளவுதான் என்றார். காலையிலும் ராத்திரியிலும் மாத்திரை. வண்டி ஓட்டக் கூடாது, கிணற்றில் குளத்தில் இறங்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நான் போட்ட முதல் சட்டம், யாருக்கும் தெரியக் கூடாது. மகளுக்கு வரன் பார்க்கிற சமயம். அவர் பாலிடெக்னிக்கில் டிராயிங் மாஸ்டர், பையன்கள் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். வண்டியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்ல வைத்தேன். சொன்னார். நான் சொல்லச் சொன்னதை எல்லாம் சொல்லியிருக்கிறார் மனுஷன். சாவி இப்போதும் என் பையில்தான் இருக்கிறது, பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தே ஊரிலிருந்து கொண்டு வந்தேன், இதோ கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஐஸாகச் சில்லிடுகிறது. சாவி இங்கே, ஆள் அங்கே. அவர் போன்கூட என்னிடம்தான், "க்ளவுஸப் போட்டுக்கிட்டு அதைப் பிடிக்க முடியாது, நீயே வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை. சந்தோஷத்தில் தூங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, இந்தச் சரிவு முப்பது டிகிரி இருக்கும், அது இருபதுதான், அதில் நான் இறங்கிவிடுவேன் என்று பெட்ரூம் லெட்டர்பேடில் கோடு போட்டுக் காட்டினார். மூன்று நாளாகச் சமதரையில் பழகினார், விழுந்து விழுந்து எழுந்தார், ஐம்பத்திரண்டு வயசில் பனியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சிரிக்கிற ஆளை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நான் அப்போதே போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு மேலே போகிற திட்டமே கிடையாது. ஜெயசீலன் சார்தான், கம்பெனி கொடியோடு உச்சியில் ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டால் ஜோனல் ஆபீஸே பார்க்கும் மேடம் என்றார். எனக்கு முட்டி வலி. "நான் போறேனே" என்று இவர் கையைத் தூக்கினார், வகுப்பில் பையன் கையைத் தூக்குகிற மாதிரி. டாக்டர் உயரம் என்று சொன்னது ஏணியை, மொட்டை மாடியை, அவர் மலையைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதையும் பேசி விற்கிறவள் ஆயிற்றே, என்னிடமே விற்றுவிட்டேன். காலை மாத்திரை போட்டாரா? டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டதா? பல் தேய்த்தார், வெந்நீர் குடித்தார், மாத்திரை, மாத்திரை போடும்போது தலையைப் பின்னால் சாய்ப்பாரே, அதைப் பார்த்தேனா? பார்த்த மாதிரி இருக்கிறது. அது நேற்றைய காலையாகவும் இருக்கலாம்.

மார்ச் மாசம் ஒன்று நடந்தது. கிளை ஏஜென்ட் வரிசையில் எனக்கு மேலே பழனிக்காரி ஒருத்தி இருந்தாள், ஒரே ஒரு பாலிசி போட்டால் நான் முந்திவிடுவேன், கடைசி நாள், கேட்டவர்கள் எல்லாம் அடுத்த மாசம் அடுத்த மாசம் என்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவர் பெயரிலேயே பாரத்தை எழுதினேன். இல்லை இல்லை இல்லை. இன்ட்டு. நீட்டினேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், வலிப்பு என்ற இடத்தில் விரலை வைத்தார், என் முகத்தைப் பார்த்தார். அடித்துத் திருத்தலாமா என்று கேட்கிற முகம் அது. திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்று நான்தான் எப்போதோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். "கரைச்சல் பண்ணாதீங்க, டைம் ஆச்சு" என்றேன். கையெழுத்துப் போட்டார். ஜெயசீலன் சார் ஆளைப் பார்க்காமலேயே சரி என்று கீழே எழுதினார். அப்படி வந்த முதலிடம். அப்படி வந்த காவா. பதினொன்று நாற்பத்திரண்டு.

பிலாலின் வாக்கிடாக்கி கரகரக்கிறது. எழுந்து நிற்கிறான். காத்திருக்கிற எல்லாரையும் பார்த்து ஏதோ சொல்கிறான், வேகமாக, எனக்கு உச்சி, நீல ஜாக்கெட் என்று இரண்டு சொல்தான் பிடிபடுகிறது. ஜாக்கெட் எல்லாருக்கும் நீலம்தான், வாடகைக்குக் கொடுக்கிறது அந்த ஒரு கலர்தான். "யாரோ ஒருத்தர் மேல மயங்கி விழுந்துட்டாராம் மேடம்" என்றார் ஜெயசீலன் சார். "நடுவயசுக்காரராம். பேர் தெரியலையாம், பேச்சு இல்லையாம். கீழ இருக்கிறவங்க ஆளுங்கள்ல யாருக்காச்சும் நோய் இருந்தா இப்பவே சொல்லணுமாம், மேல இருக்கிற கம்பவுண்டருக்கு எந்த மருந்து கொடுக்கறதுன்னு தெரியணுமாம்." பிலால் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறான். ஒரு சர்தார்ஜி அம்மா தன் வீட்டுக்காரருக்கு சர்க்கரை என்கிறாள், மார்பைத் தொட்டு வேறு என்னவோ சொல்கிறாள், அழுகிறாள். எங்கள் முன்னால் வந்து நிற்கிறான். என் வாய் திறக்கிறது. திறந்ததா? ஜெயசீலன் சார் முந்திக்கொண்டு, "நோ நோ, நம்ம ஆளு ஃபுல் ஃபிட், நோ ப்ராப்ளம்" என்று கையை ஆட்டுகிறார். பிலால் என்னைப் பார்க்கிறான். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று கடவுளுக்குத் தெரியும், அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

என்ன செய்தேன் நான். கூப்பிடு, அவனைக் கூப்பிடு. ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்கு இந்தியும் வேண்டாம் இங்கிலீஷும் வேண்டாம். சொன்னால் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும், கேட்டால் மார்ச் மாசத்துப் பாரம் அவருக்கு ஞாபகம் வரும், தெரிந்தே பொய் எழுதினவள் என்று ஏஜென்சியைப் பிடுங்குவார்கள், பழனிக்காரி சிரிப்பாள், நத்தத்துக்காரரிலிருந்து எல்லாரும், நம்ம பாரத்தில் என்ன எழுதினாளோ என்று எடுத்துப் பார்ப்பார்கள், எல்லாவற்றிலும் இல்லை என்றுதான் இருக்கும். அதனால் என்ன? அவர் அங்கே நிமிர்ந்து கிடப்பாரே. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? இழுக்கும்போது நாலு பேர் சேர்ந்து கையைக் காலை அமுக்கிப் பிடித்தால் எலும்பு முறிந்துவிடும் என்றாரே டாக்டர். சர்க்கரை என்று நினைத்து வாயில் எதையாவது ஊற்றினால்? ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காமல் இழுத்தால்? நேரம் பார் என்றாரே, நான் இங்கே டீக்கடைக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினொன்று நாற்பத்தெட்டு. அவராக இருக்காது. வேறு யாரோவாக இருக்கட்டும், அந்த சர்தார்ஜியாக இருக்கட்டும். அடி பாவி, என்ன வேண்டுதல் இது. பாத்ரூமில் எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உன் கையில் என்ன ரத்தம் என்பது. பாதி ஷேவ் செய்த முகத்தோடு உட்கார்ந்து என் விரலுக்கு டிஞ்சர் போட்டார். அவர் இல்லாமல் அந்த வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? ஜெயசீலன் சார் பேனரின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார், காற்றில் அதன் பாதி மடங்கி என் முகம் மட்டும் தெரிகிறது, சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பதினொன்று ஐம்பத்திரண்டு. காவாவைக் கீழே வைக்க இடம் தேடினேன், பிறகு அப்படியே போட்டுவிட்டேன்.

"பாய்" என்று கத்தினேன். "மேரா ஹஸ்பெண்ட். ஃபிட்ஸ். ஹஸ்பெண்டுக்கு ஃபிட்ஸ் இருக்கு." கையை மடக்கி இழுத்துக் காட்டினேன், கண்ணை மேலே செருகிக் காட்டினேன், அத்தனை பேர் நடுவில் அவர் படுகிற பாட்டை நடித்துக் காட்டினேன். ஒருக்களித்து, ஒருக்களித்து என்று கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்து காட்டினேன். "இரண்டு வருஷமா இருக்கு. பாரத்துல பொய் எழுதிட்டேன். நான்தான் எழுதினேன், அவர் இல்ல." இதைத் தமிழில்தான் சொன்னேன், புரிய வேண்டியவருக்குப் புரிந்தது. "மேடம், என்ன சொல்றீங்க நீங்க" என்று பின்னால் ஜெயசீலன் சார் குரல். "மார்ச்சுல நாமதானே..." பிலால் பெயரைக் கேட்டான். வாக்கிடாக்கியில் வேகமாகப் பேசினான், பேசிக்கொண்டே ஃபைலை இழுத்துத் தாள்களைப் புரட்டினான், ஒரு தாளில் நின்றான். புருவத்தைச் சுருக்கினான். ஃபைலை என் பக்கம் திருப்பினான்.

சாய்ந்து ஓடுகிற என் கையெழுத்தில் எட்டு இல்லை. நாலாவதின் குறுக்கே ஒரு கோடு அடித்திருந்தது, ஸ்கேல் வைக்காமலேயே ஸ்கேல் வைத்த மாதிரி நேரான கோடு. அதற்கு மேலே ஆமாம் என்று டிராயிங் மாஸ்டரின் நிமிர்ந்த இங்கிலீஷ் எழுத்து. பக்கத்தில் சுருக்கொப்பம். அதற்குக் கீழே மாத்திரையின் பெயர், எத்தனை வேளை, இன்று காலை போட்டாயிற்று, மனைவியின் போன் நம்பர். ஒன்றும் விடவில்லை. ஆமாம் என்று எழுதியவர்களை உச்சிக்கு விடுவதில்லை என்று பிலால் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். பாதி வழியில் இருக்கிற நடு ஸ்டேஷனோடு சரி. அங்கேதான் இருக்கிறார், மேலே விழுந்தவர் வேறு ஆள். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். வேறு ஆள் என்றதும் வந்த சந்தோஷத்தை அந்த சர்தார்ஜி அம்மா பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாக்கிடாக்கி கரகரத்தது, பிலால் அதை என் கையில் கொடுத்தான்.

"வேதா? நான்தான். நல்லாத்தான் இருக்கேன், பயந்துட்டியா? மேல விடல என்னை. கொடிய மடிச்சு வெச்சிருக்கேன், போட்டோ இல்லன்னு சார்கிட்ட சொல்லிடு." பின்னால் காற்றின் சத்தம். அவர் குரல் நன்றாக இருந்தது, பனியில் விழுந்து எழுந்து சிரித்த அதே குரல். பட்டனை அழுத்திப் பேசும்படி பிலால் காட்டினான். அழுத்தி "ம்" என்றேன், விட்டேன். "நீயே சொல்லிட்டியாமே இவங்ககிட்ட" என்றார். "இந்த ஆள் இப்பத்தான் சொன்னான். எனக்கு நம்பவே முடியல வேதா." மறுபடியும் கரகரத்தது. "மேல ஒருத்தர் விழுந்ததும் கீழ எல்லார்கிட்டயும் கேட்டாங்களாமே. அப்பவே சொல்லிட்டியா?"

கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஜெயசீலன் சார் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். பட்டனை அழுத்தினேன்.

"இல்லங்க" என்றேன். "இப்பத்தான்."

பட்டனை விட்டால்தான் அவர் பேசுவது கேட்கும் என்று பிலால் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். நான் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.